பறைக்குச் சொல்லியாச்சா?

ஊர்வலத்துக்கு நோட்டீஸ் அடித்து, காவல் நிலையத்தில் மனு கொடுத்து, பேச்சாளருக்கு வண்டியும் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: “பறைக்குச் சொல்லியாச்சா?” சொல்லியிருப்பார்கள். ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள், தோல் பறையா செயற்கை முகமுள்ள ஷீட் பறையா, எங்கே தீ மூட்டிக் காய்ச்சுவது, வரிசையில் எங்கே நிறுத்துவது, முழக்கம் கொடுப்பவரும் அடிப்பவரும் எப்படி ஒத்துப்போவது என்று ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். அன்று காலையில் பறை மந்தமாக ஒலிக்கும், முழக்கம் ஒரு பக்கம் போகும், அடி ஒரு பக்கம் போகும். கடைசியில் பழி கலைஞர்கள் தலையில் விழும்.

அந்த ஏற்பாடுகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் ஏற்பாடுகளில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

பறையைப் பற்றிப் பேச வந்தாலே பலரும் புறநானூற்றில் தொடங்குவார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லும் 335ஆம் பாட்டு மேடைக்கு மேடை வருகிறது. சொல்லட்டும். ஆனால் சங்கப் பாட்டில் இருந்ததால் அந்தக் கருவியை அடித்தவருக்கு ஊரில் ஒரு நாற்காலி கிடைத்துவிடவில்லை. சாவுக்கு அடிப்பது, திருவிழாவுக்குச் சாட்டுவது, பஞ்சாயத்து அறிவிப்பைத் தெருத்தெருவாகச் சொல்வது எல்லாம் ஒரு சாதியின் தலையில் கட்டாயமாக வைக்கப்பட்ட வேலைகள். கூலி என்று கொடுத்தது கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம். வர முடியாது என்று சொன்னால் வேலை தர மறுப்பு, ஊர்விலக்கு, அடி.

அதனால் பறையைச் சுற்றி நடந்த முதல் போராட்டம் அடிப்பதற்கானது கிடையாது. “அடிக்க மாட்டோம்” என்பதுதான் அது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். 1952இல் நாடாளுமன்றத்துக்குப் போனவர் அவர். பிறகு தீண்டாமை பற்றி நாடு முழுக்க ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். பறையைத் தூக்கிப் போடு, அது அடிமைச் சின்னம் என்ற குரல் இன்றும் இருக்கிறது. அந்தக் குரலை எதிரணியாகப் பார்க்கிறவர்கள் விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். மறுக்கும் உரிமை கையில் வந்த பிறகுதான் விரும்பி அடிப்பது என்ற பேச்சுக்கே அர்த்தம் வருகிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அரசமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதியினரை வெட்டி வேலை செய்ய வைப்பது தனிக் குற்றம். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போட்டு அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். 2022 வரை அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தில், 1990களின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டுமே தொட்டுவந்த கருவி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டினார். கர்நாடக மெட்டிலோ மேல்நாட்டு மெட்டிலோ உள்ள பாட்டைக் கிராமத்து ஆள் திருத்தத் தயங்குவார். நாட்டுப்புற மெட்டு என்றால் பாடுகிறவரே சொல்லை மாற்றிப் பாடுவார், அந்த உரிமைதான் முக்கியம் என்பது அவர் வாதம். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியபோது பறை, கானா, எலக்ட்ரிக் கிட்டார் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இடையில் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினா முழுக்கப் பறை. அன்றைக்கு அதைத் தமிழர் இசை என்று தோளில் தூக்கியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்ச் சாவில் கட்டாயத்துக்கு அடிக்க வைப்பதை நிறுத்தினார்கள் என்று கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் வரும்.

சரி, கருவிக்கு வருவோம்.

பறைக்கு ஒரு வட்டச் சட்டம், ஒரு முகம், பின்பக்கம் திறப்பு. சட்டம் பெரும்பாலும் வேம்பு. வில்லாக வளைந்த மூன்று துண்டுகளைச் சேர்த்து, சேரும் இடங்களில் தகடு வைத்து அடித்திருப்பார்கள். குறுக்களவு சுமார் 35 சென்டிமீட்டர். தோலை ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே சட்டத்தின் மேல் இழுத்து, புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, காயும் வரை கயிறு போட்டு இறுக்கி வைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டுக் காய்ந்தால் இழுவை கோணலாகிவிடும். அந்தப் பறை எவ்வளவு காய்ச்சினாலும் ஒரு பக்கம் கணீர், ஒரு பக்கம் தொப்பென்று கேட்கும். வாங்கும்போதே விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் எட்டு இடத்தில் விரலால் சுண்டிப் பார்த்தால் தெரிந்துபோகும்.

குச்சி இரண்டு. இடது கையில் சுமார் 28 சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய, தட்டையான மூங்கில் சுண்டுகுச்சி. வலது கையில் 18 சென்டிமீட்டர் அளவில் தடித்த அடிகுச்சி. அடிகுச்சி நடுமுகத்தில் விழுந்தால் ‘அடி’. இடது கை சட்டத்தின் மேல் விளிம்பில் இருந்தபடியே மூங்கிலைத் தோலில் விசிறினால் ‘சுண்டு’. இரண்டையும் மாற்றி மாற்றி விடாமல் ஓட்டினால் ‘உருட்டு’. ஒத்தையடி, மாரடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி, மருளடி என்று பெயர் பெயராகச் சொல்லும் அடிகள் எல்லாம் இந்த மூன்றின் கூட்டுத்தான். புதிதாகப் பழகுகிறவர் அடியை ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார். சுண்டு வருவதற்குத்தான் நாளாகும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் மூங்கில் தோலில் ஒட்டிக்கொண்டு ஒலியை அமுக்கிவிடும். பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் முதல் நாளே ஆடிக்கொண்டு அடிக்க ஆசைப்படுவார்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் தாளம் ஓடாமல் ஒத்தையடி அடிக்க முடிகிறவரை கால் தூக்கவிடக் கூடாது.

மூங்கில் நீளவாக்கில் பிளக்கும். ஒரு மணி நேர ஊர்வலத்துக்கு ஆளுக்கு மூன்று சுண்டுகுச்சி இடுப்பில் செருகியிருக்க வேண்டும்.

இனி காய்ச்சுவது. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் தளரும். சூடு அந்த ஈரத்தை விரட்டினால் இறுகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்கு ஊர்வலம் வைப்பவர்கள் இதை நினைப்பதில்லை. வைக்கோல், காய்ந்த தென்னை ஓலை, பழைய செய்தித்தாள் எதுவும் போதும். வேகமாக எரிந்து அடங்கும் தீ வேண்டும், கனன்று கிடக்கும் கரி வேண்டாம். முகத்தைத் தீயின் பக்கம் காட்டி, ஒரு கை தூரத்தில், சட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடம் கருகி, பிறகு அங்கேதான் கிழியும். இரண்டு மூன்று நிமிடத்தில் சுண்டிப் பார்த்தால் ‘தொப்’ போய் ‘டங்’ வந்திருக்கும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்ற ஆசையில்தான் முக்கால்வாசி பறைகள் கிழிகின்றன: விளிம்பில் பசை காய்ந்து விடுபடும், அல்லது முதல் பலத்த அடியில் நடுவில் வெடிக்கும். காய்ச்சிய பறை பனியில் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் தாங்காது. எனவே ஊர்வலப் பாதையின் நடுவிலும் ஒரு காய்ச்சும் இடம் வேண்டும். அதைக் காவல்துறைக்குக் கொடுக்கும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் திடீரென்று ஒருவர் ஓலையைக் கொளுத்தினால் கொடும்பாவி எரிக்கிறார்கள் என்று லத்தியோடு ஓடிவருவார்கள்.

மழை வேறு கதை. நனைந்த தோலைத் தட்டவே கூடாது. தளர்ந்த நிலையில் அடி வாங்கினால் அது நிரந்தரமாக நீண்டுவிடும், பிறகு எந்தத் தீயும் சரிசெய்யாது. ஆளுக்கொரு பெரிய பாலித்தீன் பை, மழை தூறியதும் பறை உள்ளே. மழைக்காலத்தில் எட்டுப் பேர் குழுவென்றால் இரண்டு மூன்று ஷீட் பறைகளும் இருப்பது நல்லது. இரும்பு வளையம், செயற்கை முகம், போல்ட்டைத் திருகிச் சுதி ஏற்றலாம். கணீரென்று இருக்கும், அடிவயிற்றில் இறங்கும் கனம் இருக்காது. முழுக்க ஷீட்டுக்கு மாறுவது வானிலைக்காக என்றால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுத்தோலைக் கண்டு முகம் சுளிக்கிற மேடைகளுக்காக என்றால், எதை எதிர்த்து ஊர்வலம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அடுத்தது, எங்கே நிற்பது. எல்லோரும் பறையைப் பதாகைக்கு முன்னால் விடுகிறார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நாலு நாலு பேராக நடந்தால் 250 பேர் ஊர்வலமே 100 மீட்டருக்கு நீண்டுவிடும். முன்னால் விழுந்த அடி கடைசி வரிசைக்குப் போய்ச்சேர 0.3 நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 100 எட்டு நடக்கும் கூட்டத்தில் ஓர் எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் இடைவெளி 0.6 நொடி. அதாவது கடைசி வரிசைக்கு அடி வந்து விழுவது மிகச் சரியாக இரண்டு எட்டுகளுக்கு நடுவில். முன்னால் கை தட்டுகிறவர்களைப் பார்த்துப் பின்னால் தட்டினால் காதுக்குக் கேட்பதும் கண்ணுக்குத் தெரிவதும் முட்டிக்கொள்ளும். பின்வரிசை சலசலவென்று பேச ஆரம்பிப்பது ஆர்வக் குறைவால் என்று நினைக்கிறோம். பாதி காரணம் இதுதான்.

பறையை ஊர்வலத்தின் நடுவில் விட்டால் இரண்டு பக்கமும் தூரம் பாதியாகிறது, தாமதமும் பாதி. 300 பேருக்கு மேல் என்றால் இரண்டு குழு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அடியை அடிக்க முயலவே கூடாது. நடுவில் மாட்டுகிறவர்களுக்கு இரண்டும் மோதி வெறும் இரைச்சலாகக் கேட்கும். முன்குழு அடிக்கும்போது பின்குழு ஓய்வு, முன்குழு நிறுத்தியதும் பின்குழு எடுக்கட்டும். கையும் தோலும் ஓய்வெடுக்க அதுவே வழி. 200 பேர் ஊர்வலத்துக்கு ஆறு முதல் எட்டுப் பறை தாராளம். பதினைந்து பறை வந்தால் பிரமாதமாகத்தான் இருக்கும், முழக்கம் மட்டும் யாருக்கும் கேட்காது.

முழக்கமும் அடியும் சேரும் இடம்தான் கடினமானது. முழக்கம் கொடுப்பவர் மூச்சு முட்டக் கத்திக்கொண்டிருப்பார், பக்கத்தில் எட்டுப் பேர் உருட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்கு எட்டு எண்ணிக்கையில் ஒரு எளிய ஏற்பாடு இருக்கிறது. ஒன்று முதல் நான்கு வரை முழக்கம் கொடுப்பவருக்கு: பறை முதல் எண்ணில் ஒரே ஒரு அடி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஐந்து முதல் எட்டு வரை கூட்டம் திருப்பிச் சொல்லும்: ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அடி, சொல்லுக்கு அடியில் முட்டுக்கொடுக்கிற மாதிரி. உருட்டு நான்கைந்து முழக்கத்துக்கு ஒருமுறை, கூட்டம் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும். முழக்கத்தை எழுதுகிறவரும் இதை மனதில் வைக்க வேண்டும். “கைவிடு கைவிடு” என்பது நான்கு எண்ணுக்குள் உட்காரும். “மாவட்ட நிர்வாகமே உடனடியாக நடவடிக்கை எடு” எந்தத் தாளத்திலும் உட்காராது. அதைத் தட்டியில் எழுதுங்கள், தொண்டையில் ஏற்றாதீர்கள்.

தாளம் ஓடுவது இன்னொரு தொல்லை. கூட்டம் சூடேற அடி வேகமாகும், அடி வேகமாக நடை வேகமாகும், வயதானவர்களும் குழந்தையோடு வந்தவர்களும் பின்தங்குவார்கள், வரிசை அறுந்துபோகும். அறுந்த இடத்தில்தான் வண்டி புகும், வம்பும் புகும். குழுவின் ஆசான் அடிகுச்சியைத் தலைக்கு மேல் தூக்கினால் எல்லோரும் ஒத்தையடிக்கு இறங்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்க்கும் சைகைதான் வேலைக்கு ஆகும்; அந்தச் சத்தத்தில் வாய்வார்த்தை எடுபடாது.

மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் இசைக்கருவியும் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, எங்கே நிறுத்தி எங்கே எடுப்பது என்று குறித்துக்கொண்டால் வழக்குப் போடுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு காரணம் குறையும்.

மேடை நிகழ்ச்சி என்றால் மைக்கைப் பறைக்கு முன்னால் ஒட்டி வைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஒருவர் ஒலி மட்டும் பெருக்கியில் கேட்கும். மேடையின் முன்விளிம்பில் இரண்டு மைக், தலை உயரத்துக்கு மேல், கீழ்நோக்கி. பாடகருக்கு மட்டும் தனி மைக். ஆயிரம் பேருக்குக் குறைந்த கூட்டத்தில் பறைக்கு மைக்கே தேவையில்லை.

ஏற்பாட்டாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் கருவியில் இல்லை, கலைஞர்களை நடத்தும் விதத்தில். சாதி ஒழிப்பு மாநாட்டிலேயே பறைக் குழுவை வாசலில் நிற்கவைத்து, தலைவர் கார் வந்ததும் அடிக்கச் சொல்லி, அவர் உள்ளே போனதும் மறந்துவிடுவார்கள். ஊர்ப் பெரிய மனிதர் வருகைக்கு அடித்த பழைய வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. வரவேற்புக்கு அடிக்க மாட்டோம், மேடையில் அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கும் குழுக்கள் சரியாகத்தான் கேட்கின்றன. குடித்துவிட்டு அடிப்பதில்லை, கூலிக்குப் பதில் பாட்டில் வாங்குவதில்லை என்று விதி வைத்திருக்கும் குழுக்களும் உண்டு. அந்த விதியை முதலில் உடைக்கப் பார்ப்பது அழைத்தவர்கள்தான், அன்பு என்ற பெயரில்.

தொகையை அழைக்கும்போதே பேசுங்கள். இயக்க நிகழ்ச்சிதானே, தோழர்தானே என்று இழுப்பது நாகரிகமில்லை. மேடை போட்டவருக்கும் மைக் செட்டுக்கும் தோழமைத் தள்ளுபடி கேட்காமல்தான் கொடுக்கிறோம். பேச்சில் நான்கு தனித்தனியாக வர வேண்டும்: ஆளுக்கு இவ்வளவு, போக்குவரத்து, சாப்பாடு, தோல் கிழிந்தால் யார் பொறுப்பு. கடைசியானதை யாரும் பேசுவதில்லை. ஊர்வலத்தில் கிழிந்த தோலுக்கு மறுவாரம் புதுத்தோல் போடுவது கலைஞரின் கைக்காசிலிருந்துதான். பாதி முன்பணம், மீதி நிகழ்ச்சி முடிந்த அன்றே, கையெழுத்து வாங்கிக்கொண்டு. 2007இல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் குழுவினர் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதியாதவர்கள் இருந்தால் படிவம் நிரப்ப உட்கார ஒரு ஆளை ஏற்பாடு செய்வது பொன்னாடையைவிட உபயோகம்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் ஒரே பந்தி. நோட்டீஸில் பேச்சாளர் பெயர்கள் வரிசையாக வரும், கீழே ‘பறையாட்டம்’ என்று ஒற்றை வார்த்தை இருக்கும். குழுவின் பெயரையும் ஆசான் பெயரையும், அவர்கள் எழுதுகிற எழுத்திலேயே, அச்சுக்குப் போகும் முன் கேட்டு வாங்கிப் போடுங்கள்.